கற்றல் செயலி உண்மையிலேயே பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புதிய செயலியால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்களா என்று சோதித்துப் பார்ப்பதுதான் மதிப்பீடு. ஆறு மாதத்தில் மதிப்பெண் ஏறியிருந்தால் போதாதா? போதாது. செயலி இல்லாமலும் பிள்ளைகள் ஆறு மாதத்தில் கொஞ்சம் கற்கத்தான் செய்வார்கள். நல்ல ஆசிரியர் வந்திருக்கலாம், டியூஷன் சேர்ந்திருக்கலாம்.

ஊட்டியில் கேரட் போடுகிறவர் புது உரத்தைச் சோதிக்க நினைத்தால், ஒரு பாத்திக்கு மட்டும் போட்டு, பக்கத்துப் பாத்தியைப் பழையபடி விட்டுவைக்க வேண்டும். மழையும் பனியும் இரண்டுக்கும் ஒன்றுதான். விளைச்சலில் வித்தியாசம் தெரிந்தால் அது உரத்தின் வேலை.

டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிவழிப் பயிற்சியை இப்படித்தான் சோதித்தார்கள். 619 மாணவர்களில் யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. அவரவர் நிலைக்கேற்ற கேள்விகள் வந்ததால் இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிடக் கணக்கில் நன்றாகவே முன்னேறினார்கள். பெருவிலோ, கிராமப் பள்ளிகளுக்கு மடிக்கணினி கொடுத்தும் கணக்கு, மொழித் தேர்வுகளில் பலன் தெரியவில்லை என்றது 2012 ஆய்வு. கருவி மட்டும் கையில் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்புறம், எங்கே சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். கோயம்புத்தூரில் நன்றாக ஓடும் செயலி, கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் மழை நாளில் சிக்னல் போனதும் பாதிக் கணக்கில் வட்டம் சுற்றி நிற்கலாம். சிக்னல் வந்ததும் மறுபடி முதல் கேள்வியா? பிள்ளை போனைக் கீழே வைத்துவிடும். விடைகளைப் போனிலேயே சேமித்து, பிறகு அனுப்பும்படி வடிவமைத்தே ஆக வேண்டும்.

பிள்ளை திரையை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தால் கற்கிறது என்று பலர் நம்புகிறார்கள்; அது ஆர்வத்தைத்தான் காட்டும், கற்றதைத் தெரிந்துகொள்ளச் செயலியை மூடிவிட்டு அதே மாதிரிக் கணக்கைத் தாளில் போடச் சொல்லிப் பார்க்க வேண்டும்.