காடு காக்கும் தொண்டு அமைப்பில் சேர்ந்தால் மலையேறலாமா? என்ன வேலை தருவார்கள்?

நெல்லைப் பக்கம் இப்படி ஓர் அமைப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் சேருங்கள். எனக்கு விக்கிரமசிங்கபுரம், பார்த்ததைச் சொல்கிறேன்.

மலையேறத்தான் ஆசை என்றால், வனத்துறையே 2024-ல் தொடங்கிய மலையேற்றத் திட்டம் இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போய் வரலாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் எந்த அமைப்பும் நுழைய முடியாது, அதுதான் சரியும்கூட. தன்னார்வலருக்கு வேலை பெரும்பாலும் அடிவாரத்தில்தான்.

பாபநாசத்தில் பரிகாரம் என்று குளித்துவிட்டு, உடுத்திய துணியைத் தாமிரபரணி ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். மேலே தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். இடுப்பளவில் இறங்கிக் காலால் துழாவினால், பாறை இடுக்கில் ஒரு சேலை, அதைச் சுற்றி வேட்டி, அதன் மேல் இன்னொரு சேலை என்று மணலேறி முறுக்கிக் கிடக்கும். சும்மா இழுத்தால் வராது. ஒருவர் முங்கி நுனியை விடுவித்துக் கொடுக்க, கரையில் இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டும். கை தோலுரிந்துவிடும். அத்தனையும் மீன் ஒதுங்குகிற இடம் என்று நினைத்தால் விட்டுவிட்டு வர மனசு வராது.

ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து காட்டுக்குள் நாள்கணக்கில் தங்குவார்கள். அப்போது பிளாஸ்டிக் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு துணிப்பை கொடுக்க ஆள் வேண்டும். "எங்க தாத்தா காலத்துல இருந்து வாரோம், நீ யாரு கேக்க?" என்பார்கள். "சாமி கும்பிடத்தான அண்ணாச்சி வந்திருக்கீங்க, இந்தப் பை மட்டும் இங்க இருக்கட்டும்" என்று பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். இந்தப் பேச்சு வராதவர்கள் இதில் நிலைப்பது கஷ்டம்.

அப்புறம் பறவைக் கணக்கெடுப்பு. மணிமுத்தாறில் இருக்கும் ஏட்ரி (ATREE) என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையம், தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைகளை 2011-லிருந்து பொங்கல் சமயத்தில் எண்ணி வருகிறது. பொதிகை மலைக் காட்டில் பெய்யும் மழைதான் அந்தக் குளங்களில் நிற்கிறது, அதனால் இதுவும் காட்டு வேலைதான். பறவைப் பெயர் தெரியாதே என்று தயங்காதீர்கள், தெரிந்தவர் பக்கத்தில் நின்று குறிப்பெழுதவும் ஆள் தேவை. நாமக்கோழிகள் கூட்டமாக மிதக்கும்போது ஒருவர் எண்ணிக்கொண்டே போக, மற்றவர் எழுதினால்தான் கணக்குத் தப்பாது.

எந்த அமைப்பானாலும், சேரும் முன் வனத்துறையிடமும் ஊர்க்காரர்களிடமும் கலந்துதான் வேலை செய்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.