வியட்நாம் போரில் காட்டிய வீரத்துக்கு இப்போது பதக்கம் கேட்க முடியுமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். என் அமெரிக்க மாமனார் 1968இல் வியட்நாமில் ராணுவ மருத்துவ உதவியாளர். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே வயலில் ஊர்ந்துபோய் அடிபட்ட மூவரை இழுத்து வந்தார். சில்வர் ஸ்டார் என்னும் வீரப் பதக்கத்துக்குப் பரிந்துரை எழுதுவதாக அவருடைய லெப்டினன்ட் சொன்னாராம், எதுவும் வரவில்லை. 1969இல் ராணுவத்திலிருந்து விடுபட்டார். லெப்டினன்டும் காப்பாற்றப்பட்ட ஒருவரும் உயிரோடு இருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: கோர்ட் வேண்டாம், சகோதரி. பதக்கம் தருவது ராணுவத்தின் முடிவு. கொடுத்தே தீரவேண்டும் என்று நீதிபதி உத்தரவிடுவார் என எதிர்பார்க்க முடியாது. பரிந்துரைக்கான காலக்கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் வழி இருக்கிறது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 10ஆம் தலைப்பின் 1130ஆம் பிரிவுப்படி, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் ஒருவர் எழுதிக் கேட்டால், கெடு தாண்டிய பரிந்துரையையும் ராணுவம் பரிசீலித்தே ஆகவேண்டும்.

அதற்காக உறுப்பினரின் அலுவலகத்துக்கு உடனே ஓடாதீர்கள். முதலில் லெப்டினன்டைப் பிடியுங்கள். சம்பவத்தை நேரில் அறிந்தவர் பரிந்துரைக்க வேண்டும். அன்றைய மேலதிகாரியே முன்வந்தால் அதைவிட வலுவானது இல்லை. பதக்கப் பரிந்துரைக்கான டி.ஏ. 638 படிவத்தோடு, இருவரின் வாக்குமூலங்களையும் நோட்டரி முன் கையெழுத்தாக வாங்குங்கள். "மிகுந்த துணிச்சல்காரர்" என்று எழுதினால் பயனில்லை. தான் எங்கே கிடந்தார், சூடு எந்தப் பக்கமிருந்து வந்தது, உங்கள் மாமனார் யாரை முதலில் இழுத்தார், எத்தனை முறை திரும்பிப் போனார் என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதட்டும். தனித்தனியாக எழுதட்டும், இரண்டு தாளிலும் ஒரே வாசகம் இருந்தால் சொல்லிக்கொடுத்ததுபோலத் தெரியும். இருவருக்கும் வயதாகிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள்.

மாமனாரின் பணி ஆவணங்களுக்கு, முன்னாள் படையினரின் கோப்புகளை வைத்திருக்கும் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்துக்கு எழுதுங்கள். 1973 தீ விபத்தில் அங்கே லட்சக்கணக்கான கோப்புகள் எரிந்தன. ஆனால் எரிந்த ராணுவக் கோப்புகள் 1960க்கு முன் விடுபட்டவர்களுடையவை. உங்கள் மாமனாருடையது தப்பியிருக்கும். அவருடைய படைப்பிரிவின் தினசரிக் குறிப்புகளை மேரிலாந்து காலேஜ் பார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். அந்தத் தேதியில் சண்டை நடந்ததாக ஒரு வரி கிடைத்தாலும் பெரிய பலம்.

லெப்டினன்ட் அன்றே பரிந்துரை அனுப்பினாரா என்பதையும் கேளுங்கள். அனுப்பியது வழியில் தொலைந்தது என்று காட்ட முடிந்தால் உங்கள் பக்கம் இன்னும் வலுக்கும். 1965இல் வியட்நாமில் போரிட்ட ராணுவ அதிகாரி பாரிஸ் டேவிஸின் பரிந்துரைக் காகிதங்கள் தொலைந்தே போயின. கூட இருந்தவர்கள் விடாமல் போராடினார்கள். 2023இல் அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது.

மறுத்துவிட்டால், டி.டி. 149 படிவத்தில் ராணுவப் பதிவுத் திருத்த வாரியத்துக்கு மனு போடலாம். அங்கே 3 ஆண்டுக் கெடு உண்டு. நியாயம் கருதி வாரியமே அதைத் தளர்த்தலாம். மாமனார் இல்லாத நிலையிலும் மாமியாரோ உங்கள் கணவரோ இந்த மனுவைப் போடலாம்.