ஆட்டிசம் உள்ள மகனுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசம் இருக்கிறது. வலிப்புக்காக வால்ப்ரோயேட் சிரப் பல வருடமாகக் கொடுக்கிறோம். ஆறேழு வாரமாக இரவில் சரியாகத் தூங்குவதில்லை; கன்னத்தில் அறைந்துகொள்கிறான், தலையைச் சுவரில் முட்டுகிறான். வாட்ஸ்அப் குழுவில் ஒரு அம்மா, கஞ்சா எண்ணெய் கொடுத்ததில் தன் மகள் அமைதியாகிவிட்டாள் என்கிறார். ஆயுர்வேத மருந்து என்று ஆன்லைனிலும் கிடைக்கிறது. வாங்கலாமா டாக்டர்? – ஒரு வாசகி, ஈரோடு.

பதில்: இப்போது வாங்க வேண்டாம் அம்மா. முதல் காரணமே அவன் குடிக்கிற வால்ப்ரோயேட்தான். கஞ்சாச் செடியிலுள்ள சி.பி.டி. என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கல்லீரல் என்சைம்களை உயர்த்தும். வால்ப்ரோயேட்டோடு சேரும்போது அந்த ஆபத்து கூடுகிறது. வலிப்புக்குக் குளோபசாமும் கொடுக்கிறீர்கள் என்றால், சி.பி.டி. அதன் வீரியத்தை ஏற்றி, பிள்ளையைப் பகலெல்லாம் மயக்கத்தில் தள்ளிவிடலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'ஆறேழு வாரமாக' என்ற இடம். ஆட்டிசம் அவனுக்குச் சிறு வயதிலிருந்தே இருக்கிறது, அடித்துக்கொள்வது இப்போதுதான் வந்திருக்கிறது. வலியை வாயால் சொல்லத் தெரியாத பிள்ளைகள் இப்படித்தான் காட்டுவார்கள். எப்போதும் ஒரே பக்கக் கன்னத்திலா அறைந்துகொள்கிறான்? அப்படியானால் சொத்தைப் பல்லையும் காதையும் உடனே பார்க்க வேண்டும். மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று? மலச்சிக்கல் இந்தப் பிள்ளைகளிடம் மிகவும் சகஜம். சாப்பிட்டுப் படுத்ததும் முட்டிக்கொள்கிறான் என்றால் நெஞ்செரிச்சலாக இருக்கலாம். தூக்கத்தில் வலிப்பு வந்து அது நம் கண்ணில் படாமல் போவதும் உண்டு. இரவில் அவன் துள்ளி எழுவதை செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பள்ளியில் ஆசிரியர் மாறினாரா, வீட்டில் ஏதாவது மாறியதா என்றும் யோசியுங்கள். இதையெல்லாம் பார்க்காமல் எண்ணெயைக் கொடுத்தால், வலிக்கிற பல் உள்ளேயே இருக்க, பிள்ளை மட்டும் தூங்கி வழிவான்.

அந்த அம்மா பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஜெருசலேமில் 5 முதல் 21 வயது வரையுள்ள 150 பேரிடம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. சி.பி.டி. 20 பங்கு, போதை தரும் டி.எச்.சி. 1 பங்கு உள்ள கஞ்சாச் செடிச் சாறு எண்ணெய் அது. முக்கியமான இரண்டு அளவுகோல்களில் ஒன்றில் எந்த வித்தியாசமும் இல்லை. இன்னொன்றில், செடிச் சாறு எடுத்தவர்களில் 49 சதவீதம் பேரின் முரட்டு நடத்தை நன்றாகக் குறைந்தது. மருந்தே இல்லாத போலி எண்ணெய் குடித்தவர்களிலும் 21 சதவீதம் பேருக்கு அப்படிக் குறைந்தது! ஒரு வீட்டில் கண்ட பலனை வைத்து மருந்தை எடைபோட முடியாது என்பது இதனால்தான். செடிச் சாறு எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்குத் தூக்கக் கலக்கம், 25 சதவீதம் பேருக்குப் பசிக்குறைவு. நம்பிக்கை தருகிற ஆய்வுதான். ஆனால் இதை வைத்து நான் மருந்துச் சீட்டு எழுத மாட்டேன். அமெரிக்காவில் 2018-ல் அனுமதி பெற்ற சி.பி.டி. மருந்தும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்குத்தான், ஆட்டிசத்துக்கு அல்ல.

ஆன்லைன் பாட்டில் இன்னொரு கவலை. அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய 84 சி.பி.டி. பொருட்களை 2017-ல் சோதித்தபோது, லேபிளில் போட்ட அளவு 26-ல் மட்டுமே சரியாக இருந்தது, 18-ல் டி.எச்.சி. இருந்தது. வளரும் மூளைக்கு அது வேண்டாத பொருள். நம் ஊரில் ஆயுர்வேத மருந்தாக 'விஜயா' என்ற பெயரில் வருவதும் இதே செடிதான்.

சரி, என்ன செய்வது? பல் மருத்துவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் இந்த வாரமே காட்டுங்கள். அப்புறம் வீடியோவோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வால்ப்ரோயேட்டை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது, வலிப்பு அடுக்கடுக்காக வந்துவிடலாம். தூக்கத்துக்கு மெலடோனின் பற்றிக் கேளுங்கள். எல்லாம் பார்த்த பிறகும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் ஆகிய மருந்துகள் நன்கு ஆராயப்பட்டவை. எடை கூடும் என்பதால் கண்காணிப்பு தேவை. எண்ணெய் ஏற்கெனவே கொடுத்துப் பார்த்திருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டியிருக்கும்.