"என் பையன் மக்கா மிஸ்?"னு ஒரு அம்மா கேட்டா...

கேள்வி: டீச்சர் ட்ரெயினிங் காலேஜ்ல பாடம் எடுக்குறேன். எங்க ஸ்டூடண்ட்ஸ் லெசன் பிளான் எல்லாம் சூப்பரா போடுறாங்க. ஆனா பிராக்டிஸுக்குப் போன ஸ்கூல்ல ஒரு அம்மா "என் பையன் மக்கா மிஸ்?"னு கேட்டதும் ஒரு பொண்ணு அப்படியே வாயடைச்சு நின்னுட்டா. பெற்றோர் ஈடுபாடுன்னு தனி யூனிட்டே நடத்தியிருக்கேன், இன்னும் என்ன பண்றது?

பதில்: யூனிட் நடத்தினீங்க சரி, அந்தப் பொண்ணு அதுல நல்ல மார்க்கும் வாங்கியிருப்பா. ஆனா கண்ணைப் பாத்து கேக்குற கேள்விக்கு பதில் சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லையே.

ரோல் ப்ளே வைங்க, ஆனா ட்ரெய்னியை முதல்ல டீச்சரா ஆக்காதீங்க, அம்மாவா உக்கார வைங்க. பசங்க உக்கார்ற குட்டி நாற்காலியில உக்காரட்டும், எதிர்ல இன்னொருத்தி நோட்டைப் பாத்து மார்க்கா படிச்சிட்டே போகட்டும். அஞ்சு நிமிஷம் கழிச்சு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க, "ஏதோ தப்பு பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கு"ன்னு தானா சொல்லுவாங்க. அப்புறம் ஆளை மாத்துங்க.

"மக்கா?"ங்கிற கேள்விக்கு "ச்சே ச்சே நல்ல பையன்"னு மழுப்பவும் கூடாது, மார்க்கை அடுக்கவும் கூடாது. "ஏன்மா அப்படித் தோணுது, வீட்ல என்ன பாத்தீங்க?"ன்னு முதல்ல கேக்கணும். அப்புறம் டீச்சர் தன் கண்ணால பாத்த ஒரு விஷயத்தைச் சொல்லணும்: "சத்தமா வாசிக்கச் சொன்னா தயங்குறான், ஆனா கதையைக் கேட்டா அப்படியே திருப்பிச் சொல்றான்." தெரியாததுக்கு "கிளாஸ் டீச்சர்கிட்ட கேட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்"னு சொல்லலாம், சொன்னா வெள்ளிக்கிழமை சொல்லியே ஆகணும்.

லூயிஸ் மோல்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் 1992-ல எழுதின ஆய்வு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல டூசான் ஊர்ல டீச்சர்ஸ் வீடு வீடா போனாங்க, அட்வைஸ் பண்ண இல்ல, கத்துக்க. விவசாயம், கட்டட வேலை, ரிப்பேர்னு அந்தக் குடும்பங்ககிட்ட எவ்ளோ அறிவு இருக்குன்னு பாத்து அதையே பாடத்துக்குள்ள கொண்டுவந்தாங்க. உங்க ட்ரெய்னியும் ஒரு பேரண்ட்கிட்ட கேள்வி மட்டும் கேட்டுட்டு வரட்டுமே, அதுவே ஒரு அசைன்மென்ட்.

இன்னொண்ணு, "வீட்ல உக்காந்து கணக்கு சொல்லிக் குடுங்க"ன்னு எல்லாருக்கும் ஒரே மருந்தா எழுதிக் குடுக்க வேண்டாம். நடுநிலைப் பள்ளி வயசுப் பசங்களைப் பத்தின 50 ஆய்வுகளை ஹில், டைசன்னு ரெண்டு பேர் 2009-ல சேத்துப் பாத்தாங்க. ஹோம்வொர்க்ல உதவுறதோட பலன் ஒரே மாதிரி வரல, படிப்பு எதுக்கு, பின்னாடி என்ன ஆகணும்னு வீட்ல பேசுறதுக்குத்தான் படிப்போட கூடுதல் தொடர்பு தெரிஞ்சுது. அந்தப் பேச்சுக்கு அல்ஜீப்ரா தெரிய வேண்டாம்.

மீட்டிங்குக்கு வராதவங்களை "அக்கறை இல்லாதவங்க"ன்னு சொல்றதை உங்க கிளாஸ்லயே தடை பண்ணுங்க. ஷிஃப்ட் இருக்கலாம், ஸ்கூல்னாலே பழைய பயம் இருக்கலாம். முதல் போன் நல்ல சேதியா இருக்கட்டும். நான் இத்தனை வருஷம் டீச்சரா இருந்தும் என் பொண்ணு ஸ்கூல் நம்பர் வந்தா இன்னும் வயித்தைக் கலக்குது!

அந்தப் பொண்ணு இன்னும் அதே ஸ்கூல்லதான் இருக்கான்னா, மென்டார் டீச்சரையும் கூட வச்சுக்கிட்டு அந்த அம்மாவை மறுபடி பாக்கச் சொல்லுங்க. பையன் செஞ்ச ஏதாவது ஒரு வேலையை கையில எடுத்துட்டுப் போகட்டும், மார்க் லிஸ்ட் பைக்குள்ளயே இருக்கட்டும்.