வாசகர் கேள்வி பதில்: உகாண்டாவின் பருத்திக்கொட்டை

கேள்வி: உகாண்டா பருத்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் பஞ்சு ஏற்றுமதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பஞ்சைப் பிரித்த பிறகு மிஞ்சும் கொட்டை அங்கே என்ன ஆகிறது? அதை ஆட்டும் தொழில் இத்தனை காலத்தில் வளர்ந்ததா, தேய்ந்ததா? (வாசகர், விருதுநகர்)

பதில்: எடையை மட்டும் பார்த்தால் பருத்தியை எண்ணெய் வித்துப் பயிர் என்றே சொல்லலாம். செடியிலிருந்து எடுத்த 100 கிலோ பருத்தியை, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின்னிங் ஆலையில் அரைத்தால், பஞ்சாக வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 60 கிலோவுக்கு மேல் கொட்டைதான். ஆகவே உகாண்டாவின் எண்ணெய் ஆலைகளுக்கு எந்தக் காலத்தில் எவ்வளவு சரக்கு கிடைத்தது என்பதை அறிய, அங்கே எவ்வளவு பருத்தி விளைந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1903ஆம் ஆண்டில் கென்னத் போரப் என்ற மிஷன் ஊழியர் வரவழைத்த விதைகள் உகாண்டாவுக்குள் அடங்கிய புகாண்டா அரசின் தலைவர்கள் வழியாகக் குடியானவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ரயில் பாதை விக்டோரியா ஏரிக்கரையை எட்டியது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான். கம்பாலாவுக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் இடையே 1,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். அவ்வளவு தூரத்துக்கான சரக்குக் கூலியைப் பஞ்சின் விலை தாங்கியது. எடை மிகுந்து விலை குறைந்த கொட்டைக்கு அது கட்டுப்படியாவது கடினம். எனவே கொட்டையை உள்நாட்டிலேயே எண்ணெயாகவும் பிண்ணாக்காகவும் மாற்றுவதில் பொருள் இருந்தது. ஜின்னிங் ஆலைகளைப் பெருமளவில் நிறுவிய குஜராத்தி வணிகர்களில் சிலர் எண்ணெய், சோப்புத் தொழில்களிலும் இறங்கினார்கள். பின்னாளில் சர்க்கரைக்குப் பெயர்பெற்ற நாஞ்சி காளிதாஸ் மேத்தாவும் பருத்தியில் கால் ஊன்றியவரே.

விவசாயி விற்றது கொட்டையோடு கூடிய பருத்தி. பஞ்சும் கொட்டையும் பிரிவது ஆலைக்குள். அங்கே அவருக்கு இடமில்லை. 1949இல் புகாண்டாவில் கலவரம் வெடித்தபோது எழுந்த கோரிக்கைகளில், தங்கள் பருத்தியைத் தாங்களே அரைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்று. அதைப் பஞ்சு விலை பற்றிய கோரிக்கையாக மட்டும் படிப்பது போதாது என்பது என் கருத்து. அரவை யார் கையில் இருக்கிறதோ அவர் கைக்கே கொட்டையும் போகிறது. 1952க்குப் பிறகு கூட்டுறவுச் சங்கங்கள் ஜின்னிங் ஆலைகளை வாங்குவதற்குச் சட்டம் வழிவிட்டது. 1960களில் அரவையின் பெரும்பகுதி அச்சங்கங்களிடம் வந்தது.

1970ஐ ஒட்டிய ஆண்டுகளே உச்சம். அப்போது சுமார் 4,70,000 பொதி பஞ்சு கிடைத்தது. ஒரு பொதி 185 கிலோ. மேலே சொன்ன விகிதத்தில் கணக்கிட்டால், கொட்டை மட்டும் ஒன்றரை லட்சம் டன்னைத் தாண்டியிருக்க வேண்டும். 1972இல் அதிபர் இடி அமின், பெரும்பாலும் இந்திய வம்சாவளியினரான ஆசியர்களை 90 நாள் கெடுவில் வெளியேற்றியதும், ஆலைகளை நடத்தத் தெரிந்தவர்களும் உதிரிபாகங்களைத் தருவித்தவர்களும் ஒருசேரப் போய்விட்டார்கள். பஞ்சை வாங்கி விற்ற அரசின் பஞ்சு வாரியத்திடமிருந்து பணம் வரத் தாமதமானதால் குடியானவர்கள் உணவுப் பயிருக்குத் திரும்பினார்கள். கிழக்கே தேசோ பகுதியின் கதை இன்னும் வேதனையானது. ஏர்மாடு கட்டிப் பருத்தி உழுவதில் அந்த மக்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே தேர்ந்தவர்கள். 1980களின் பிற்பகுதியில் கொள்ளையாலும் உள்நாட்டுப் போராலும் மாட்டு மந்தைகள் பறிபோயின. காளைகளை இழந்த குடும்பத்தால் மண்வெட்டியைக் கொண்டு எத்தனை ஏக்கர் கொத்த முடியும்? 1987-88இல் நாட்டின் விளைச்சல் உச்ச அளவில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

1994இல் பஞ்சு வாரியத்தின் ஏகபோகம் முடிந்து, பருத்தி வளர்ச்சி நிறுவனம் அமைக்கப்பட்டது. தனியார் ஆலைகள் வந்தன. 2004-05இல் சுமார் 2,50,000 பொதி வரை மீண்டது. ஆனால் அந்த அளவு நிலைக்கவில்லை. இதற்கிடையே சமையலறை மாறிவிட்டது. இறக்குமதிப் பாமாயிலும், பிறகு விக்டோரியா ஏரியின் புகாலா தீவில் வளர்த்த எண்ணெய்ப்பனையும், வடக்கே லாங்கோ பகுதியின் சூரியகாந்தியும் கடைகளை நிறைத்தன. அறுவடை நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை என்பதால் கொட்டையும் ஆண்டில் சில மாதங்களே தாராளமாகக் கிடைக்கும். தொழில் அழியவில்லை, ஆனால் பருத்திக்கொட்டையை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் ஓடுவது ஓர் ஆலைக்கு இப்போது கடினம் என்றே சொல்வேன்.

கேள்வி: பருத்திப் பிண்ணாக்கைப் பசுவுக்குத் தருகிறார்கள், கோழிக்கு ஏன் தயங்குகிறார்கள்? (அதே வாசகர்)

பதில்: ஒரு கொட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளிர்மஞ்சள் பருப்பில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரியும். அவை காசிப்பால் என்ற நச்சுப்பொருள் தங்கும் சுரப்பிகள். அசைபோடும் வளர்ந்த மாட்டின் முதல் வயிற்றில் அந்த நச்சின் பெரும்பகுதி கட்டுண்டுவிடுகிறது. கோழிக்கும் பன்றிக்கும் இளங்கன்றுக்கும் அந்த வசதி இல்லை. எண்ணெயிலும் அது கலந்து வருவதால், பிழிந்த எண்ணெய் கருஞ்சிவப்பாக இருக்கும். காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது நீங்குகிறது. அப்போது அடியில் தங்கும் கசடு துணிசோப்புக்குப் போகிறது. சுத்திகரிப்பு வசதி இல்லாத சிறு ஆலைகள் சுத்திகரிக்காத எண்ணெயைச் சமையலுக்கு விற்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

சேமிப்பிலும் கவனம் வேண்டும். ஈரம் மிகுந்த கொட்டைக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டால் சூடு தெரியும். அந்தச் சூடு தெரிந்தால், எண்ணெயில் அமிலம் ஏறத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட கொட்டை விதைப்புக்கும் உதவாது.

கேள்வி: கொட்டையின் விலையில் உகாண்டா விவசாயிக்குப் பங்கு கிடைக்கிறதா? (வாசகர், தேனி)

பதில்: பருவத் தொடக்கத்தில், கொட்டையோடு கூடிய பருத்திக்கு கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு வழிகாட்டு விலை அறிவிக்கப்படுகிறது. அந்த ஒற்றை எண்ணுக்குள் பஞ்சுக்கு எவ்வளவு, கொட்டைக்கு எவ்வளவு என்பது எடைத்தராசின் முன் நிற்கும் விவசாயிக்குப் பிரித்துத் தெரிவதில்லை. பிண்ணாக்கு விலை ஏறிய ஆண்டில் அந்த ஏற்றம் தனக்கு வந்ததா என்று அவர் கேட்கவும் வழியில்லை. விலையை அறிவிக்கும் நாளிலேயே ஆலைவாசலில் கொட்டை விற்கும் விலையையும் பக்கத்தில் ஒரு வரியாக வெளியிடலாம். அதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை.