யார் மனைவி என்பதா கேள்வி?

கேள்வி: 1955-இல் வந்த ஒரு கிறிஸ்துமஸ் குறும்படத்தின் இசையைப் பற்றி சென்ற இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். இசையமைத்த டோரீன் கார்விதன், வில்லியம் ஆல்வின் என்ற இசையமைப்பாளரின் மனைவி என்பதைத் தவிர வேறெதற்கும் அறியப்பட்டவராகத் தெரியவில்லை. நல்ல இசை என்றால் தானாகவே நிலைத்திருக்காதா?

பதில்: முதலில் அந்த ‘மனைவி’யைச் சரிசெய்துவிடுவோம். கார்விதன் எழுதிய ஓவர்ச்சர் (ஆர்க்கெஸ்ட்ராவுக்கான முன்னிசை) ஒன்றை லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் லண்டன் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது 1947-இல். வாத்தியக் குழுவை நடத்தியவர் ஏட்ரியன் போல்ட். கார்விதனுக்கு அப்போது வயது 24. அதே ஆண்டு ராங்க் பட நிறுவனம் திரையிசை பயில அவரைத் தேர்ந்தெடுத்தது. பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள். ஆல்வினை அவர் மணந்தது 1975-இல். இடையில் இருக்கும் 28 ஆண்டுகளை எங்கே வைப்பீர்கள்?

அந்தக் குறும்படம் ‘ஆன் தி ட்வெல்த் டே’. வெண்டி டாய் இயக்கி, நாயகியாகவும் நடித்தது. அரங்குகளை வடிவமைத்தவர் கேலிச்சித்திரக்காரர் ரொனால்ட் சேர்ல். ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. கதை, எல்லோருக்கும் தெரிந்த கிறிஸ்துமஸ் பாட்டுதான். காதலன் முதல் நாள் பேரிக்காய் மரத்தில் ஒரு கவுதாரி கொண்டுவருகிறான். மறுநாள் இரண்டு புறா, கூடவே இன்னொரு கவுதாரி. இப்படியே பன்னிரண்டு நாள் கூட்டினால் மொத்தம் 364 பரிசுகள்! நீந்தும் அன்னங்கள், பால் கறக்கும் பெண்கள் எல்லாம் ஒரே வீட்டுக்குள்.

இசையமைப்பவரின் சிக்கலை யோசித்துப் பாருங்கள். மெட்டு ஒன்றுதான். அது பன்னிரண்டு முறை வரும், ஒவ்வொரு முறையும் முன்னைவிட நீளமாக. மூன்றாம் நாளே கேட்பவருக்குச் சலிப்புத் தட்டிவிடும். வசனத்தின் துணையும் இல்லை. வீடு நிரம்பி வழிவதையும் நாயகியின் பொறுமை குறைவதையும் வாத்தியங்கள்தான் சொல்லியாக வேண்டும். அந்த இருபது சொச்சம் நிமிடத்தில் எனக்கு எங்கும் அலுப்புத் தட்டவில்லை. இதைச் சின்ன வேலை என்று நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இனி உங்கள் ‘தானாகவே’. திரையிசை தானாக நிலைப்பதில்லை. படம் முடிந்ததும் இசைக்குறிப்புக் காகிதங்களை பிரிட்டிஷ் ஸ்டூடியோக்கள் எவ்வளவோ தூக்கி எறிந்திருக்கின்றன. இசையமைப்பாளர் பிலிப் லேன் போன்றவர்கள் பல பழைய படங்களின் ஒலித்தடத்தைத் திரும்பத் திரும்பக் காதால் கேட்டு, ஸ்வரம் ஸ்வரமாக மறுபடி எழுதி மீட்டார்கள்.

ஆல்வினின் இசை ஏன் பத்திரமாக இருக்கிறது தெரியுமா? 1961-இல் கார்விதன் அவரோடு இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள சஃபோக்குக்குக் குடிபோனார். அவருக்குச் செயலாளராக இருந்தார். 1985-இல் ஆல்வின் இறந்தபின் அவர் பெயரில் ஆவணக் காப்பகமும் அறக்கட்டளையும் அமைத்தார். தன் காகிதங்களை அவர் அப்படித் தூக்கிப் பிடிக்கவில்லை. கார்விதனின் ஆர்க்கெஸ்ட்ரா படைப்புகளை இசைநடத்துநர் ரிச்சர்ட் ஹிக்காக்ஸ் லண்டன் சிம்ஃபனி குழுவோடு ஒலிப்பதிவு செய்ததே 1990-களில்தான். அப்போது அவர் எழுபதைத் தாண்டியிருந்தார். 2003-இல் காலமானார்.

படம் கிடைத்தால் பாருங்கள். தொடக்கத்தில் இசை என்ற இடத்தில் நிற்கும் பெயர் டோரீன் கார்விதன். ஆல்வின் என்ற சொல் அங்கே கிடையாது.