தானியங்கி நிலையங்கள் இருந்தும், பனிச்சரிவை முன்கணிக்க ஏன் ஆட்கள் பனியைத் தோண்டிப் பார்க்கிறார்கள்?

சுவிட்சர்லாந்தை எடுத்துக்கொள்வோம். ஆல்ப்ஸ் மலையில் தானியங்கி நிலையங்கள் பனியின் உயரம், காற்று, வெப்பநிலை எல்லாவற்றையும் விடாமல் அளக்கின்றன. அப்படியும் டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனத்துக்கு மலையில் நிற்கும் ஆட்களின் நேரடித் தகவல் வேண்டியிருக்கிறது. காரணம், ஆபத்து பெரும்பாலும் உள்ளே புதைந்த ஒரு மெல்லிய அடுக்கில் இருக்கிறது. மேலே ஒரு மீட்டர் பனி கெட்டியாகத் தெரியும். அடியில் சர்க்கரை போல உதிரும் பனிமணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும். அந்த அடுக்கு முறிந்தால், மேலுள்ள பனி ஒரே பாளமாக வழுக்கிக்கொண்டு வரும்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் குழி வெட்டுகிறார்கள். குழிச்சுவரில் 30 செ.மீ. சதுரத்தில் ஒரு தூணைச் செதுக்கி, அதன்மேல் மண்வாரியின் அலகை வைத்துத் தட்டுவார்கள்: மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, அப்புறம் தோளிலிருந்து 10. முதல் சில தட்டிலேயே தூண் சட்டென்று முறிந்து வழுக்கினால் நிலைமை மோசம்.

சரி, ஒரு குழி போதுமா? போதாது. கொஞ்சம் தள்ளித் தோண்டினாலே வேறு முடிவு வரலாம். என்னைக் கேட்டால், நடக்கும்போது காலடிப் பனி 'தொம்' என்று அமுங்குவதும், விரிசல் ஓடுவதும், பக்கத்து மலைச்சரிவில் தெரியும் புதுப் பனிச்சரிவின் தடமும் குழியைவிட முக்கியமான தகவல்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலே 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளை விட்டு விலகிவிட வேண்டும்.